‘கேஸ் முடிஞ்சிருக்கும்’ என்பது விடையாகாது

கார் ஏர்கோன் குளிரவில்லை என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். “கேஸ் முடிஞ்சிருக்கும், நிரப்பினா சரியாயிடும்” என்ற பதில் உடனே வந்து விழும். பக்கத்து வீட்டு அங்கிள் சொல்வார். பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்பவர் சொல்வார். சில பட்டறைகளில் காரின் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்.

பல கார்களில் இந்தப் பதில் சரியாகவும் அமைந்துவிடும். ஆபத்து அதில்தான் இருக்கிறது. சில முறை பலித்துவிட்ட ஊகத்தை நாம் கண்டுபிடிப்பு என்றே நம்பத் தொடங்கிவிடுகிறோம். அளந்து பார்க்காமல் ‘கேஸ் குறைவு’ என்று சொன்னால் அது வெறும் ஊகம். அளந்து பார்த்து, உண்மையிலேயே குறைந்திருந்தால்கூட வேலை முடிந்துவிடாது. நான்கு பக்கமும் அடைக்கப்பட்ட குழாய்க்குள் இருந்த கேஸ் எங்கே போயிற்று என்ற கேள்வி அப்போதுதான் தொடங்குகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழுதைக் கண்டுபிடிப்பது முழுமையான அறிவியல் வேலை. அதைப் பட்டறைகள் அவசரத்தில் தவிர்க்கின்றன. வாடிக்கையாளர்கள் அதற்குக் காசு கொடுக்க மறுக்கிறார்கள். பள்ளிகளில் நாங்கள் அதைச் சொல்லித் தருவதே இல்லை. இந்த மூன்றும் மாற வேண்டும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஏர்கோனை எடுத்துக்கொள்வோம்.

ஏன் பழைய கார்?

மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற காரைச் சிலர் பார்த்திருப்பீர்கள். 1989ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய துணிக்கூரை, தூங்கி விழிப்பதுபோல் மேலே எழும் முன்விளக்குகள், ஏறக்குறைய ஒரு டன் எடை. 1997 வரை வந்த முதல் தலைமுறைக் கார்கள் மட்டும் 4 லட்சத்துக்கும் மேல் தயாராகின. நம் நாட்டுச் சாலைகளிலும் எப்போதாவது ஒன்று கண்ணில் படும்.

பழுது கண்டுபிடிப்பதைக் கற்றுக்கொள்ள இதைப்போன்ற கார் நல்ல ஆசான். புதிய கார்களில் கணினியை இணைத்தால் பழுதுக் குறியீடு ஒன்றைக் காட்டும். அது போதும் என்று நாம் யோசிப்பதை நிறுத்திவிடுவோம். 30 வயதைத் தாண்டிய காரின் ஏர்கோன் எதையும் எழுதிக் காட்டாது. ரப்பர் வளையம் காய்ந்திருக்கலாம், மின்கம்பியின் முனை துருப்பிடித்திருக்கலாம், விசிறி தளர்ந்திருக்கலாம். வார இறுதியில் மட்டும் ஓட்டப்படுவதால் கம்ப்ரசர் எண்ணெய் சுற்றாமல் தேங்கி, சுழல்தண்டைச் சுற்றியுள்ள அடைப்பான் உலர்ந்து கசியலாம். சந்தேகத்துக்குரிய பாகங்கள் நிறைய. எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தால் காரின் விலையை எட்டிவிடும். ஆகவே யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அழுத்தமானி ஒரு வெப்பமானி

முதலில் ஏர்கோன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஏர்கோன் குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது. வாரிச் செல்லும் வாகனம்தான் நாம் ‘கேஸ்’ என்று அழைக்கும் குளிர்பதனப் பொருள். 1990களின் நடுப்பகுதியிலிருந்து பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ என்ற பொருள் பயன்பட்டு வந்திருக்கிறது.

ஆர்-134ஏ சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுழியத்துக்குக் கீழே 26 பாகை செல்சியஸில் கொதிக்கும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் உயரும். அழுத்தமானி 28 பி.எஸ்.ஐ. காட்டும்போது அதன் கொதிநிலை ஏறக்குறைய 0 பாகை. 200 பி.எஸ்.ஐ. காட்டும்போது ஏறக்குறைய 55 பாகை. பி.எஸ்.ஐ. என்பது டயர் அழுத்தத்தைச் சொல்லவும் பயன்படும் அதே அலகுதான்.

இந்த ஒரே உண்மையில் முழு ஏர்கோனும் அடங்கிவிடுகிறது. நம் ஊர் மதிய வெயில் 33 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் எப்போதும் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான் பாயும். எனவே 33 பாகைக் காற்றில் வெப்பத்தைக் கொட்ட வேண்டுமானால், கேஸ் அதைவிடச் சூடாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் அதை அழுத்திச் சூடாக்குகிறது. காரின் மூக்குப் பகுதியில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அந்த வெப்பம் வெளிக்காற்றுக்குப் போய், வாயு திரவமாகிறது. பிறகு விரிவு வால்வின் சிறு துவாரத்தைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. காருக்குள் டேஷ்போர்டின் பின்னால் இருக்கும் இவாப்பரேட்டரில் திரவம் கொதித்து ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பட்டறைகளில் இதைக் ‘கூலிங் காயில்’ என்பார்கள்.

ஆகவே பட்டறையில் நீலமும் சிவப்புமாகத் தொங்கும் அந்த இரண்டு அழுத்தமானிகளும் உண்மையில் வெப்பமானிகள்தான். நீல மானி இவாப்பரேட்டர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று சொல்கிறது. சிவப்பு மானி கண்டென்சர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்கிறது. குழாயைத் திறக்காமலே உள்ளே நடப்பதைப் படித்துவிடலாம். படிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூன்று சந்தேகங்கள், ஓர் அளவீடு

இப்போது ஒரு முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 பட்டறைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். உரிமையாளர் சொல்வது இது: “நெடுஞ்சாலையில ஓடும்போது நல்லா குளிருது. டவுனுக்குள்ள வந்து சமிக்ஞை விளக்குல நின்னா, அஞ்சு நிமிஷத்துல காத்து சூடாயிடுது.”

இந்த இரண்டு வாக்கியங்களில் நிறைய தகவல் இருக்கிறது. ஏர்கோன் முழுவதுமாகச் சாகவில்லை. கார் ஓடுகிறதா, நிற்கிறதா என்ற மாறியோடு அதன் செயல்பாடு மாறுகிறது. அப்படியானால் கார் ஓடும்போது வேறு என்னென்ன மாறுகிறது? இஞ்சின் வேகமாகச் சுழல்வதால் கம்ப்ரசரும் வேகமாகச் சுழல்கிறது. கண்டென்சரின் மீது வெளிக்காற்று பலமாக மோதுகிறது.

எனவே மூன்று கருதுகோள்களை எழுதலாம். ஒன்று, கேஸ் குறைந்திருக்கிறது. இரண்டு, கம்ப்ரசர் தேய்ந்துவிட்டது. வேகமாகச் சுழன்றால் மட்டும் சமாளிக்கிறது. மூன்று, நிற்கும்போது கண்டென்சருக்குப் போதிய காற்று கிடைக்கவில்லை. மூன்றுமே உரிமையாளர் சொன்ன அறிகுறிக்குப் பொருந்தும். அறிகுறியை மட்டும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குலுக்கல் சீட்டு எடுப்பதற்குச் சமம்.

ஆனால் முன் அனுமானித்தல் என்று ஆரம்பப்பள்ளியிலேயே படித்திருக்கிறீர்கள். அதை இங்கே பயன்படுத்துங்கள். கேஸ் குறைவு என்றால், நிற்கும்போது இரண்டு மானிகளும் வழக்கத்தைவிடக் குறைவாகக் காட்ட வேண்டும். கம்ப்ரசர் தேய்வு என்றால், நீல மானி வழக்கத்தைவிட அதிகமாகவும் சிவப்பு மானி குறைவாகவும் காட்ட வேண்டும். இரண்டுக்கும் இடையே வேறுபாட்டை உண்டாக்க அதற்குத் தெம்பில்லை. கண்டென்சரில் வெப்பம் தேங்குகிறது என்றால், இரண்டுமே அதிகமாகக் காட்ட வேண்டும். மூன்று கருதுகோள்கள், மூன்று வெவ்வேறு முன் அனுமானங்கள், ஒரே அளவீடு. நல்ல பரிசோதனைக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டை எந்தப் பாடநூலிலும் தேட வேண்டியதில்லை.

நம் தட்பவெப்பத்தில் நல்ல நிலையில் இருக்கும் ஏர்கோன், நீல மானியில் ஏறக்குறைய 30, சிவப்பு மானியில் ஏறக்குறைய 200 அல்லது அதற்குச் சற்று மேல் காட்டும். நம் எடுத்துக்காட்டுக் கார் நின்ற நிலையில் 55, 320 என்று காட்டுகிறது எனக் கொள்வோம். 55 பி.எஸ்.ஐ. என்றால் இவாப்பரேட்டரில் ஏறக்குறைய 15 பாகை. 15 பாகைக் குழாயைத் தொட்டுவரும் காற்று எப்படிச் சில்லென்று இருக்கும்? 320 பி.எஸ்.ஐ. என்றால் கண்டென்சரில் 70 பாகைக்கும் மேல். வெளியே கொட்ட வேண்டிய வெப்பம் வாசலிலேயே குவிந்து கிடக்கிறது.

இந்த நேரத்தில் ‘கேஸ் முடிஞ்சிருக்கும்’ என்று சொல்லி மேலும் நிரப்பினால் என்ன ஆகும்? சிவப்பு மானி இன்னும் ஏறும். கம்ப்ரசர் இன்னும் திணறும். அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். அந்த சுவிட்சும் 30 வயதுக் கிழம் என்பதை மறந்துவிடாதீர்கள். காற்று கிடைக்காமல் தவித்த ஏர்கோனுக்கு, தவறான மருத்துவத்தால் கம்ப்ரசரும் போய்விடும்.

கண் பார்த்தது, மானி பார்த்தது

இரண்டு மானிகளும் அதிகமாகக் காட்டினால் காற்றோட்டக் குறைவு என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. யாராவது ஏற்கெனவே கேஸை அளவுக்கு மீறி நிரப்பியிருந்தாலும் இதே எண்கள் வரும். ஆகவே இன்னொரு பரிசோதனை தேவை. பட்டறையில் இருக்கும் பெரிய நிற்கும் விசிறியைக் காரின் முன்னால் வைத்து ஓடவிட்டால் போதும். மற்ற எதையும் மாற்றக்கூடாது. சிவப்பு மானி 210க்கு இறங்கி, நீல மானி 32க்கு வந்து, காருக்குள் காற்றும் குளிர்ந்தால், குறைந்திருந்தது காற்றோட்டம்தான். அளவுக்கு மீறிய கேஸாக இருந்தால் விசிறி வைத்தபிறகும் சிவப்பு மானி வழக்கத்தைவிட உயர்ந்தே நிற்கும்.

எம்.எக்ஸ்-5 காரில் ரேடியேட்டருக்குப் பின்னால் இரண்டு விசிறிகள் உண்டு. ஒன்று இஞ்சினைக் குளிர்விக்க, மற்றது ஏர்கோனுக்குக் கூடுதலாக. ஏர்கோன் பொத்தானை அழுத்தியதும் அந்தக் கூடுதல் விசிறி சுழல வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அது சுழலத்தான் செய்கிறது. எட்டிப் பார்ப்பவர் “விசிறி ஓடுது, பிரச்சினை இல்ல” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். உற்றறிதலுக்கும் அளவெடுத்தலுக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் தெரிகிறது. சுழல்கிறதா என்பது ஒரு கேள்வி. போதிய வேகத்தில் சுழல்கிறதா என்பது வேறு கேள்வி.

மல்டிமீட்டரை எடுப்போம். இஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.8 வோல்ட். விசிறியின் இணைப்பில் 9.8 வோல்ட். நடுவில் 4 வோல்ட் காணவில்லை. மின்னழுத்தம் மாயமாக மறையாது. வழியில் எங்கோ ஒரு மின்தடை அதை விழுங்குகிறது. மின்சுற்றைப் பாதியாகப் பிரித்துத் தேடலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், மறு முனையை விசிறியின் எர்த் கம்பியிலும் வையுங்கள். நல்ல இணைப்பு என்றால் ஏறக்குறைய சுழியம் காட்ட வேண்டும். இங்கே அந்த 4 வோல்ட்டும் காட்டுகிறது. கம்பி காரின் உடலோடு திருகப்பட்ட இடத்தில் துரு.

விசிறி 8 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது என்றால், அந்தத் துருவின் மின்தடை 4-ஐ 8-ஆல் வகுத்து 0.5 ஓம். தேர்வுத் தாளில் இந்தக் கணக்கை நீங்கள் எத்தனையோ முறை செய்திருப்பீர்கள். அந்த அரை ஓம் வீணாக்கும் திறன் 4 பெருக்கல் 8, அதாவது 32 வாட். தொட்டுப் பார்த்தால் அந்தத் திருகு சுடும். தீர்வு? திருகைக் கழற்றி, மணல்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, மீண்டும் இறுக்குவது. ‘கேஸ்’ என்று தொடங்கிய கதை ஒரு துண்டு மணல்தாளில் முடிகிறது.

எல்லாக் கார்களிலும் இப்படித்தான் முடியும் என்று நான் சொல்லவில்லை. எங்கே முடியும் என்பதை அளவீடு மட்டுமே சொல்லும் என்கிறேன்.

எப்போது, எவ்வளவு நேரம்?

அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கருவியை எடுப்பதற்கு முன் கேள்விகள் கேட்பார்கள். நல்ல மருத்துவரும் அப்படித்தான். ‘குளிரவில்லை’ என்பது ஒரே சொல்தான். ஆனால் அதற்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன.

அரை மணி நேரம் நன்றாகக் குளிர்ந்து, பிறகு காற்றே குறைந்துபோகிறதா? ஏர்கோனைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டுப் போட்டால் மீண்டும் வேலை செய்கிறதா? அப்படியானால் இவாப்பரேட்டரில் நீர் உறைந்து பனிக்கட்டி காற்றின் வழியை அடைத்திருக்கலாம். அதிகம் குளிராமல் தடுக்க வேண்டிய வெப்பநிலை சுவிட்சைச் சந்தேகிக்க வேண்டும். இங்கே ஏர்கோன் குளிராததல்ல சிக்கல். அளவுக்கு மீறிக் குளிர்ந்ததுதான்!

காற்று பலமாகவே வருகிறது, ஆனால் இஞ்சின் நன்கு சூடானபிறகு மட்டும் குளிர் போய்விடுகிறதா? கம்ப்ரசரை இஞ்சினோடு பிணைக்கும் மின்காந்தக் கிளட்சைப் பாருங்கள். அதன் செப்புச் சுருளின் மின்தடை, வெப்பம் ஒவ்வொரு பாகை ஏறும்போதும் ஏறக்குறைய 0.39 விழுக்காடு கூடும். 20 பாகையில் 3.6 ஓம் இருக்கும் சுருள், 90 பாகையில் ஏறக்குறைய 4.6 ஓம் ஆகிவிடும். 12 வோல்ட்டில் மின்னோட்டம் 3.3 ஆம்பியரிலிருந்து 2.6-க்கு இறங்கும், காந்தத்தின் பிடியும் தளரும். பல்லாண்டு தேய்மானத்தால் கிளட்சின் இடைவெளியும் அகன்றிருந்தால், இந்தத் தளர்ந்த காந்தத்தால் தகட்டை இழுத்துப் பிடிக்க முடியாது. கேஸ் முழு அளவில் இருக்கும். குளிர் மட்டும் இருக்காது.

பானெட்டுக்குள் குறைந்த அழுத்தக் குழாய் சில்லென்று வியர்த்திருக்கிறது, ஆனால் உள்ளே சூடான காற்று வருகிறதா? குளிர்பதன வேலை சரியாக நடக்கிறது. சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் சிறு கதவைப் பாருங்கள். பழைய கார்கள் பலவற்றில் அது ஒரு கம்பியால் இழுக்கப்படுகிறது. கம்பி நழுவினால் ஹீட்டரின் சூடு எல்லாக் குளிரையும் தின்றுவிடும்.

மானியும் ஏமாற்றும்

அளந்துவிட்டால் எல்லாம் சரி என்றும் நினைத்துவிடாதீர்கள். என்ன அளக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இஞ்சினை அணைத்து, கார் நன்றாக ஆறியபிறகு மானிகளை மாட்டினால், இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். 30 பாகை வெப்பத்தில் ஆர்-134ஏ ஏறக்குறைய 97 பி.எஸ்.ஐ. காட்டும். “97 இருக்கிறது, கேஸ் நிறைவாக இருக்கிறது” என்று சொல்பவர்கள் உண்டு. இது தவறு.

வீட்டில் சமையல் எரிவாயுத் தோம்பை நினைத்துப் பாருங்கள். தோம்பு நிறைந்திருக்கும்போதும், கால்வாசி இருக்கும்போதும் அடுப்பு ஒரேமாதிரிதான் எரிகிறது. உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருக்கும்வரை அதன் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது; அளவைப் பொறுத்ததல்ல. ஏர்கோனும் அப்படியே. நின்ற நிலையில் 97-க்கும் வெகு கீழே காட்டினால் கேஸ் பெருமளவு போய்விட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். 97 காட்டினால் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. சரியான அளவை அறிய ஒரே நம்பகமான வழி, இருப்பதை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்து, எடைபோட்டு, காரில் குறிப்பிட்டிருக்கும் எடையளவுக்குத் திரும்ப நிரப்புவது.

கசிவுக்கு விலை உண்டு

சரி, அளந்து பார்த்ததில் கேஸ் உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நிரப்பிவிட்டுப் போகலாமா? பெட்ரோல் எரிந்து தீர்ந்துபோகும். ஏர்கோன் கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல. அது சுற்றிச் சுற்றி வருவது. குறைந்தது என்றால் கசிந்தது என்று பொருள். கேஸோடு எண்ணெயும் சேர்ந்து சுற்றுவதால், கசியும் இடத்தில் தூசி ஒட்டிய எண்ணெய்க் கறை இருக்கும். சோப்பு நீரில் குமிழி வரும். ஒளிரும் சாயம் கலந்திருந்தால் புற ஊதா விளக்கில் மின்னும். தேடினால் அகப்படும்.

தேடாமல் நிரப்பினால் மீண்டும் கசியும், காசும் போகும். அது மட்டுமல்ல. 1930களில் புழக்கத்துக்கு வந்த ஆர்-12 என்ற பழைய கேஸின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தீப்பிடிக்காது, நச்சில்லாதது என்று கொண்டாடப்பட்டது. 1974ஆம் ஆண்டு மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள், இவ்வகைப் பொருள்களில் உள்ள குளோரின் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்று எச்சரித்தார்கள். 1985-இல் அண்டார்டிகாவின் மேல் ஓசோன் துளை உலகுக்குத் தெரியவந்தது. 1987-இல் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. 1995-இல் மோலினாவும் ரோலண்டும் குருட்சன் என்பவரோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். முதல் தலைமுறை எம்.எக்ஸ்-5 இந்தத் திருப்பத்தின் நடுவில் பிறந்தது. தொடக்கக் கார்கள் ஆர்-12-இல் ஓடின. பின்னர் வந்தவை ஆர்-134ஏ-க்கு மாறின.

ஆகவே பழைய கார் வந்தால் எந்தக் கேஸ் என்று முதலில் கேட்க வேண்டும். ஆர்-12-க்கான தாது எண்ணெய் ஆர்-134ஏ-உடன் கலக்காது. எண்ணெயை மாற்றாமல் கேஸை மட்டும் மாற்றினால், எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் அது உராய்ந்து சாகும். மேலும் கண்டென்சர் வெப்பநிலையில் ஆர்-134ஏ-இன் அழுத்தம் ஆர்-12-ஐவிட அதிகம். அதனால் மாற்றப்பட்ட பழைய கார்களில் காற்றோட்டக் குறைவு இன்னும் கடுமையாகத் தெரியும்.

ஆர்-134ஏ ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் புவியைச் சூடாக்கும். 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-134ஏ 1,430 கிலோ கரியமிலவாயுவுக்குச் சமம் என்று அனைத்துலகப் பருவநிலை மாற்றக் குழு 2007-இல் மதிப்பிட்டது. அரை கிலோ கசிந்தால் 715 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமிலவாயு வெளிவரும். ஆகவே அந்த அரை கிலோ கசிவு ஏறக்குறைய 310 லிட்டர் பெட்ரோலை எரிப்பதற்குச் சமம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் காரில் கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஐந்து முறை போய் வரலாம். ‘நிரப்பினா சரியாயிடும்’ என்ற வாக்கியத்தின் விலை இது. ரசீதில் மட்டும் அது வராது.

மறுபக்கமும் உண்டு

பட்டறைக்காரர்கள் இதைப் படித்தால் கோபப்படுவார்கள். அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. “ஒரு மணி நேரம் செலவழித்துத் தேடி, மணல்தாளால் தேய்த்துக் கொடுத்தால், யாராவது காசு கொடுப்பார்களா? பாகம் மாற்றினால்தானே கொடுப்பீர்கள்?” என்று கேட்பார்கள். உண்மைதான். நாம் பாகத்துக்குக் காசு கொடுப்போம். யோசித்ததற்குக் கொடுக்க மாட்டோம். “சும்மா திருகைத் தேய்ச்சதுக்கா இவ்வளவு?” என்று பேரம் பேசுவோம். தேய்ப்பது எளிது. எந்தத் திருகைத் தேய்ப்பது என்று கண்டுபிடித்ததற்குத்தான் கூலி. அதைக் கொடுக்காத ஊரில், பாகங்களை மாற்றி மாற்றிப் பார்க்கும் பட்டறைகள்தான் பிழைக்கும். நம் வீட்டார் சம்பாதித்த காசுதான் அதில் கரையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிப்பெண் குறைந்த பிள்ளையைப் பார்த்து “இவன் மெக்கானிக் வேலைக்குத்தான் லாயக்கு” என்று நம் சமூகத்தில் பலர் இன்னும் சொல்கிறார்கள். கருதுகோளை உருவாக்கி, முன் அனுமானித்து, மாறிகளைக் கட்டுப்படுத்தி, ஓமின் விதியைக் கொண்டு துருப்பிடித்த ஒரு திருகைக் கண்டுபிடிக்கும் இளைஞன் செய்வது அறிவியல் இல்லையென்றால், வேறு எது அறிவியல்? தொழிற்கல்லூரிக்குப் போகும் மாணவர், அறிவியலை விட்டுவிட்டுப் போகவில்லை. சரியாகச் செய்தால், வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் நம்மில் பலரைவிட அதிகமாக அதைப் பயன்படுத்தப் போகிறார்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் உங்களுக்கு நன்றாக வேலை செய்யும் கருவிகளைத் தருகிறோம். விடை என்ன வரும் என்பது பாடநூலிலேயே இருக்கிறது. மின்விளக்கு எரியாவிட்டால் “பக்கத்துக் குழுவின் எண்ணை எழுதிக்கொள்” என்று சொல்லும் வழக்கமும் உண்டு. எரியாத விளக்கு ஒரு தொல்லையாகிவிடுகிறது. அதுதான் அன்றைய சிறந்த பாடமாக இருந்திருக்கும்.

ஆகவே என் பரிந்துரை எளிமையானது. ஒவ்வொரு தவணையிலும் ஒரு பரிசோதனையாவது கெட்டுப்போன கருவியோடு நடக்கட்டும். ஆசிரியர் மின்சுற்றில் ஓரிடத்தில் துருப்பிடித்த கம்பியையோ, செத்துப்போன மின்கலத்தையோ ஒளித்துவைக்கட்டும். மாணவர்கள் மாற்றிப் பார்க்காமல், அளந்து கண்டுபிடிக்கட்டும். மதிப்பெண் விடைக்கு மட்டுமல்லாமல், எந்தக் கருதுகோளை எந்த அளவீட்டால் நீக்கினார்கள் என்பதற்கும் இருக்கட்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. கெட்டுப்போன பொருள்களுக்கு எந்தப் பள்ளியிலும் பஞ்சமில்லை.

மாணவர்களே, ஓர் எச்சரிக்கை. ஏர்கோன் குழாய்களை நீங்களாகத் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் திரவம் வெளியேறினால் தோலையும் கண்ணையும் உறையச் செய்துவிடும். இஞ்சின் ஓடாவிட்டாலும் விசிறி திடீரென்று சுழலக்கூடும். அளப்பதையும் திறப்பதையும் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

ஆனால் கேள்வி கேட்கப் பயிற்சி தேவையில்லை. அடுத்த முறை வீட்டுக் கார் குளிரவில்லை என்று பட்டறைக்குப் போகும்போது அப்பாவோடு நீங்களும் போங்கள். “கேஸ் முடிஞ்சிருக்கும்” என்று சொன்னால், மரியாதையாக இரண்டே கேள்வி கேளுங்கள்: “அண்ணே, மானி எவ்வளவு காட்டுது? குறைஞ்சிருந்தா எங்க கசியுது?” நல்ல மெக்கானிக் உங்களை அருகில் அழைத்து மானியைக் காட்டுவார். அவரிடமே காரை விடுங்கள். அவர் தேடிய நேரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்கள்.